7 வாட்டில் ஒரு வானொலி நிலையம்

கம்ப்யூட்டர் இதழில் ரேடியோவைப் பற்றி எதற்கு என்று நினைக்க வேண்டாம். கட்டுரையின் பாதியைத் தாண்டும்போது உங்கள் கம்ப்யூட்டரும் உள்ளே வந்துவிடும். முதலில் இந்த ஆசை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. பல ஊர்களில் மின்சாரம் போய், செல்போன் டவர்களும் அடங்கின. நான் அப்போது பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் விளாத்திகுளம் பக்கம் புதூரில். இரண்டு நாட்கள் அவர்கள் போன் கிடைக்கவில்லை. கையில் இரண்டு ஸ்மார்ட் போன், ஒரு லேப்டாப், நல்ல வேகத்தில் இன்டர்நெட். இத்தனை இருந்தும் "நல்லா இருக்கோம்" என்ற இரண்டு வார்த்தை வந்து சேரவில்லை.

வீட்டில் எல்லோரும் நலம் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. ஆனால் ஒரு கேள்வி மனதிலேயே நின்றது. நடுவில் டவர், சர்வர் எதுவும் இல்லாமல், இந்த ஊரில் இருந்து அந்த ஊருக்கு நேராகப் பேசவே முடியாதா? முடியும். அதற்குப் பெயர் ஹாம் ரேடியோ. அதிலும் மிகக் குறைந்த சக்தியில், கையால் செய்த கருவியில் பேசுவதற்குப் பெயர் கியூ.ஆர்.பி.

கியூ.ஆர்.பி. என்றால் என்ன?

அந்தக் காலத் தந்தி ஆபரேட்டர்கள் நேரத்தை மிச்சப்படுத்த மூன்று எழுத்துக் குறிகளைப் பயன்படுத்தினார்கள். "சக்தியைக் குறை" என்பதற்கான குறி கியூ.ஆர்.பி. இன்று மோர்ஸ் குறியில் 5 வாட், பேச்சில் 10 வாட் வரை பயன்படுத்துவதை ஹாம்கள் கியூ.ஆர்.பி. என்கிறார்கள்.

5 வாட் என்பது எவ்வளவு? உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு 9 வாட். பழைய ஜி.எஸ்.எம். செல்போன்கூட அதிகபட்சம் 2 வாட் வரை அனுப்பியது. அதுவும் சில கிலோமீட்டரில் இருக்கும் டவரை எட்டுவதற்கு. அப்படியானால் 5 வாட்டை வைத்துக்கொண்டு 500 கிலோமீட்டர் பேசுவது எப்படி?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ரேடியோவில் சிக்னலின் பலத்தை எஸ்-யூனிட் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு எஸ்-யூனிட் என்பது 6 டெசிபல், அதாவது சக்தியில் நான்கு மடங்கு. 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 13 டெசிபல். இது இரண்டு எஸ்-யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்! 100 வாட் நிலையம் எஸ்-9 அளவில் கேட்டால், 5 வாட் நிலையம் ஏறக்குறைய எஸ்-7 அளவில் கேட்கும். சக்தியை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தும் பேச்சு புரிகிறது. மீதி வேலையை ஆண்டெனாவும், நாம் தேர்ந்தெடுக்கும் நேரமும், வானத்தில் உள்ள அயனி மண்டலமும் பார்த்துக்கொள்கின்றன.

ஹைதராபாத்தில் பிறந்த பிட்எக்ஸ்

கியூ.ஆர்.பி. கருவிகளைக் கடையில் வாங்குவதைவிட, கிட் வாங்கித் தாமே செய்வதுதான் வழக்கம். இங்கிலாந்தில் ஜார்ஜ் டாப்ஸ் என்ற பாதிரியார் 1974-ல் ஜி-கியூ.ஆர்.பி. கிளப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1996 முதல் டேட்டன் ஹாம் திருவிழாவையொட்டி "ஃபோர் டேஸ் இன் மே" என்ற பெயரில் கியூ.ஆர்.பி. பிரியர்கள் கூடுகிறார்கள். 2017-ல் இங்கிலாந்தில் நடந்த இளைஞர் ஹாம் முகாமுக்காக ஹான்ஸ் சம்மர்ஸ் உருவாக்கிய கியூ.சி.எக்ஸ். என்ற மோர்ஸ் கிட், பிறகு உலகம் முழுவதும் விற்றது.

இந்த வரிசையில் நம் நாட்டுப் பெயரும் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் உருவாக்கிய பிட்எக்ஸ்20 என்ற வரைபடம் 2000-களின் தொடக்கத்தில் வெளியானது. வெளிநாட்டு உதிரிபாகங்களுக்காகக் காத்திராமல், நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதை வைத்தே ஒரு டிரான்ஸீவர் செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். காயில் சுற்றுவதற்கு அவர் பயன்படுத்தியது என்ன தெரியுமா? தண்ணீர்க் குழாயில் போடும் வாஷர்! ஒரே ஆம்ப்ளிஃபையர் கேட்கும்போது ஒரு திசையிலும், பேசும்போது எதிர்த் திசையிலும் வேலை செய்யும். அதனால் உதிரிபாகங்கள் மிச்சம்.

2016-ன் இறுதியில் இதன் அடுத்த வடிவமான பிட்எக்ஸ்40 விற்பனைக்கு வந்தது. 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 7 வாட் தரும் போர்டு இது. ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று பொருத்தித் தந்த இந்தப் போர்டுகள் பல நாடுகளுக்குப் போயின. பிறகு 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் மைக்ரோ பிட்எக்ஸ் வந்தது. வரைபடம், புரோகிராம் எல்லாமே திறந்தவை. யாரும் பார்க்கலாம், மாற்றலாம்.

கிட் கூட்டத்தில் நடந்தது

2024-ல் பெங்களூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவர் அழைத்த சிறு கூட்டத்துக்குப் போனேன். ஒரு வீட்டு மாடியில் நீள மேஜை, அதைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு பேர். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் எனக்கு எதிரே உட்கார்ந்து ஃபெரைட் வளையத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுக் கணக்கு தவறியதும் முணுமுணுக்காமல் பிரித்து மறுபடி சுற்றினான்.

நான் பொறியியல் பட்டதாரி. டிரான்சிஸ்டரின் சமன்பாடுகளை எழுதி மதிப்பெண் வாங்கியவன். ஆனால் சால்டரிங் அயர்னை எப்படிப் பிடிப்பது என்று அந்தப் பையன்தான் சொல்லிக்கொடுத்தான். "ஈயத்தைச் சூடாக்காதீங்கண்ணா. காலையும் போர்டையும் சூடாக்குங்க, ஈயம் தானா ஓடும்." இந்த ஒரு வரி எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டம் முடியும்போது ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த பிட்எக்ஸ்40 போர்டு ஒன்றை என்னிடம் தந்தார். "தம்பி, பெட்டி, மைக், ஒயர் எல்லாம் நீங்க போட்டுக்கணும். முதல்ல லைசென்ஸ் வாங்குங்க. அதுவரைக்கும் கேளுங்க, பேசாதீங்க" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன்.

கரிசலில் ஒரு கம்பி

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, வீட்டில் இருந்தே வேலை பார்க்கும் வசதி கிடைத்ததால் போர்டோடு புதூருக்கு வந்தேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் ஆண்டெனா என்றால் மொத்தம் சுமார் 20 மீட்டர் கம்பி. நடுவில் இருந்து இரு பக்கமும் 33 அடி. வீட்டுக்குப் பின்னால் உள்ள இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே நைலான் கயிற்றில் கட்டினேன். கொஞ்சம் நீளமாகவே வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துப் பார்த்து நறுக்குவது நல்லது. குட்டையாக வெட்டிவிட்டால் ஒட்டுப் போட வேண்டியிருக்கும்.

போர்டில் முக்கிய மின் இணைப்பு தனி, கடைசிக் கட்ட பவர் ஆம்ப்ளிஃபையருக்கு இணைப்பு தனி. அவசரத்தில் இரண்டாவதில் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்துவிட்டேன். லேசான புகை, கருகிய வாடை. ஐ.ஆர்.எஃப்.510 டிரான்சிஸ்டர் போய்விட்டது. நல்லவேளை, இணைப்பு தனியாக இருந்ததால் மற்றவை தப்பின. கோளாறு எதில் என்று தெரிந்தது, கழற்ற முடிந்தது, புதியதை நானே வைத்தேன். போன் பழுதானால் நம்மில் எத்தனை பேர் இதைச் செய்ய முடியும்? நீங்கள் முதல் முறை இணைக்கும்போது கருஞ்சிவப்பு ஒயர்களுக்கு நிறம் மாறாமல் டேப் சுற்றி, கூடவே ஒரு ஃபியூஸும் போட்டுவிடுங்கள்.

கிராமத்தில் இன்னொரு லாபம் உண்டு. பெங்களூர் அடுக்குமாடியில் எல்.இ.டி. பல்பு, சார்ஜர், லிஃப்ட் எல்லாம் சேர்ந்து ரேடியோவில் ஓயாமல் இரைந்தன. புதூரில் அந்த இரைச்சல் பாதிகூட இல்லை. ஒரு நாள் மாலை கரண்ட் போனது. மிச்சமிருந்த இரைச்சலும் சட்டென்று நின்று, அதுவரை கேட்காத மெல்லிய குரல்கள் மேலே வந்தன. ரேடியோ 12 வோல்ட் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு மட்டும் என்றால் அது சுமார் 0.2 ஆம்பியர்தான் இழுக்கும். 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஒரு நாளைத் தாண்டிக் கேட்கலாம். அம்மா வாசற்படியில் நின்று கேட்டார்: "ஏய்யா, கரண்ட் இல்லாட்டியும் இது பேசுமா?"

கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?

பிட்எக்ஸ்40-ன் உள்ளே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஃபில்டர் இருக்கிறது. அதில் இருந்து சுமார் 4.9 மெகாஹெர்ட்ஸைக் கழித்தால் 7.1 வரும். அந்த 4.9-ஐத் துல்லியமாக உண்டாக்குவது எஸ்.ஐ.5351 என்ற சிப். அதை இயக்குவது ஆர்டுயினோ நானோ. யு.எஸ்.பி. கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, புரோகிராமில் நானே திருத்தம் செய்தேன். ட்யூனிங் குமிழைத் திருப்பும்போது எண் எவ்வளவு வேகத்தில் மாற வேண்டும் என்பதைக்கூட நாமே முடிவு செய்யலாம். 2020-களில் வந்த எஸ்பிட்எக்ஸ் என்ற கருவியிலோ ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரே ரேடியோவின் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. 1993-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் ஒரு ஹாம். அவர் 2008-ல் விஸ்பர் என்ற சாஃப்ட்வேரை வெளியிட்டார. அழைப்புக் குறி, இருக்கும் இடம், சக்தி ஆகிய மூன்றையும் 50 பிட்களில் அடக்கி, ஏறக்குறைய இரண்டு நிமிடம் மெதுவாக அனுப்பும். காதுக்குக் கேட்கவே கேட்காத சிக்னலையும் கம்ப்யூட்டர் பிரித்தெடுத்துவிடும். ஒரு வாட்டுக்கும் குறைவான சக்தி கடல் கடந்து போய்ச் சேருவது இதில் சாதாரணம். 2017-ல் அவரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் கொடுத்த எஃப்.டி.8 முறையில் 15 விநாடிக்கு ஒரு முறை செய்தி மாற்றிக்கொள்ளலாம். டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் இரண்டும் உள்ளன.

மூன்று நாள் மௌனம், நான்காம் நாள் குரல்

போர்டு தந்த பெரியவரோடு நேரம் பேசி வைத்துக்கொண்டேன். பெங்களூர் இங்கிருந்து நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று நாள் அதிகாலை ஐந்தரைக்குக் கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும்தான். டிரான்சிஸ்டர் மறுபடி போய்விட்டதோ என்று சந்தேகம். பழுது கருவியில் இல்லை, கடிகாரத்தில் என்று அவர் போனில் சிரித்தார். இவ்வளவு கிட்டத்தில் உள்ள ஊருக்கு அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய்த் திரும்ப வேண்டும். விடியும் முன் அயனி மண்டலம் அதற்குப் போதிய வலுவோடு இருக்காது. சூரியன் ஏறினால்தான் வலுக்கும்.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். என் அழைப்புக் குறியை அவர் குரல் திரும்பச் சொன்னது. "ஐந்து-ஏழு, தம்பி. தெளிவா கேட்குது." 7 வாட், இரண்டு வேப்பமரம், நடுவில் யாருமில்லை. அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

இதனால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன். இது செல்போனுக்கு மாற்று அல்ல. இரண்டு பக்கமும் லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும், வானமும் ஒத்துழைக்க வேண்டும். ஆனால் 2004 டிசம்பர் சுனாமியின்போது போர்ட் பிளேரில் ஹாம் நிகழ்ச்சிக்காகப் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவரது குழுவினரும், மற்றத் தொடர்புகள் அறுந்த நேரத்தில் அந்தமான் செய்திகளை வெளியே அனுப்பினார்கள். அன்று கருவியும் ஆளும் முன்பே தயாராக இருந்தது. வெள்ளம் வந்த பிறகு சால்டரிங் கற்றுக்கொள்ள முடியாது.

எப்படித் தொடங்குவது?

12 வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். முதல் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான் பாடம். தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் இப்போதைய விதிகளையும் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம், மறந்துவிடாதீர்கள்.

அதுவரை ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், சிறிய ரிசீவர் கிட் போதும். பக்கத்து ஊரில் ஹாம் யாராவது இருந்தால் தேடிப் போங்கள், நிச்சயம் உட்கார வைத்துச் சொல்லித்தருவார்கள். இந்த டிசம்பர் மழைக்கு எங்கள் வீட்டில் அரிசி, தீப்பெட்டியோடு சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் தயாராக இருக்கும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், 7 மெகாஹெர்ட்ஸில் சந்திப்போம்.