நவ திருப்பதிக்குச் சுருக்கு வழி எது?

தாமிரவருணிக் கரையிலுள்ள நவ திருப்பதிகளையும் ஒரே நாளில் சேவித்துவிட வேண்டும் என்று திருநெல்வேலியில் வந்து இறங்கும் குடும்பங்கள் எத்தனையோ! ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதியில் இரண்டு. இந்த ஆறும் வடகரையில். ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, திருக்கோளூர் மூன்றும் தென்கரையில். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது? உச்சி வேளையில் நடை சாத்திவிடுவார்களே!

"எல்லா வழிகளையும் எழுதிப் பார்த்தால் போகிறது" என்பீர்கள். எழுதித்தான் பாருங்களேன்! ஒன்பது கோயில்களை 3,62,880 விதமாக வரிசைப்படுத்தலாம். வரிசைக்கு ஒரு நிமிஷம் வீதம் இரவு பகலாக எழுதினாலும் 252 நாட்கள் பிடிக்கும்.

இப்போது உள்ளூர்ப் பாட்டி ஒருத்தியைக் கேளுங்கள். "இரட்டைத் திருப்பதி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தானே அம்மா இருக்கு!" என்பாள். அவ்வளவுதான், கணக்கு 40,320 ஆகிவிடும். 252 நாள் வேலை 28 நாளாகச் சுருங்கிவிட்டது! "ஒரு கரையை முடித்துவிட்டு மறு கரைக்குப் போங்களேன்" என்று அவளே சொன்னால் மிஞ்சுவது 1,440 வரிசைதான். சரியாக ஒரு நாள் வேலை!

கணினி ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதுதான். வேண்டாததைத் தள்ளிவிட்டு, வேண்டியதை மட்டும் எண்ணிப் பார்ப்பது.

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சுருக்கு வழி காணும் முறை ஒன்று பிறந்த கதை ருசியானது. 1956-இல் ஹாலந்து தேசத்து டைக்ஸ்ட்ரா, தமக்கு நிச்சயமான பெண்ணுடன் ஆம்ஸ்டர்டாம் கடைத்தெருவில் சுற்றி அலுத்துப்போய், காப்பி அருந்த உட்கார்ந்தார். காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. 20 நிமிஷத்தில் மனத்திலேயே அந்த முறையைக் கண்டுபிடித்துவிட்டார். கோலத்தைப் போல ஊர்கள் புள்ளிகள், சாலைகள் கோடுகள். புறப்பட்ட புள்ளிக்கு மிக அருகிலுள்ளதை முதலில் உறுதி செய்து, பிறகு புறப்பட்ட புள்ளியிலிருந்தே கணக்கிட்டு அடுத்து அருகிலுள்ளது, அதற்கடுத்தது என்று போகவேண்டும். கைப்பேசியில் வழி காட்டும் முறைகளுக்கெல்லாம் இது முன்னோடி.

ஆனால், கோலத்தில் ஒரு கோடு அழிந்துவிட்டால்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அதுதான் நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! சாலைகள் அறுந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. கடைசிப் பிரயாணிகளை மீட்க 19-ஆம் தேதி ஆகிவிட்டது. அன்றைக்கு எது சுருக்கு வழி என்பதல்ல கேள்வி. எந்த வழி மிச்சம் இருக்கிறது என்பதே!

ஆகவேதான் சாலை, ஆறு, குளம், மேடு, பள்ளம் எல்லாவற்றையும் மெல்லிய தாள்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் புவித்தகவல் முறையை நிபுணர்கள் வளர்த்து வருகிறார்கள். தண்ணீர் எங்கே ஏறும் என்று முன்கூட்டித் தெரிந்தால், படகும் பால் பாக்கெட்டும் எந்த வழியே போகலாம் என்று கணக்கிடலாம் அல்லவா?

எனினும், சொல்லாத விஷயம் எந்தப் படத்துக்கும் தெரியாது. மழை நாளில் ஆற்றங்கரைப் பக்கம் பிரயாணம் வைத்திருக்கிறீர்களா? கைப்பேசியைப் பாருங்கள், அந்த ஊர்ப் பாட்டியையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!