வளர்ந்த மீனுக்குத் தொட்டி கட்டுங்கள்

குளச்சலில் மீனுக்குப் பஞ்சம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனாலும் ஜூன் 1-ந் தேதி முதல் ஜூலை 31-ந் தேதி வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் சந்தையில் மீன் வரத்துக் குறைந்து விலை ஏறுகிறது. இதைக் கவனித்த சில விவசாயிகள், தென்னை விளையில் கிணறும் மோட்டாரும் இருக்கும்போது நாமே கொஞ்சம் கெண்டையோ சிலேபியோ வளர்த்து விற்றால் என்ன என்று கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். எந்த மீன், எங்கே குஞ்சு கிடைக்கும், என்ன தீனி என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலோர் கொத்தனாரிடமே விட்டுவிடுகிறார்கள்.

திங்கள்நகர் போகும் வழியில் ஒரு விளையில் நான் பார்த்த தொட்டியைச் சொல்கிறேன். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, ஆழம் 4 அடி. சிமெண்டு பூசிய நல்ல தொட்டி. மூன்றரை அடிக்குத் தண்ணீர் நிற்கும். அதில் இரண்டு அங்குல நீளமுள்ள கட்லா, ரோகு குஞ்சுகள் 300 விட்டிருந்தார். முதல் மாதம் பார்த்தவர்கள், "இவ்வளவு தண்ணீரில் இவ்வளவு கொஞ்சம் மீனா?" என்று கேட்டார்களாம். நான்காம் மாதம் ஒவ்வொன்றும் சுமார் 60 கிராம் வந்தது. ஜூன் மாதம், இரண்டு நாள் வெயிலே தலைகாட்டாத மூடாப்பு. மூன்றாம் நாள் விடியற்காலையில் மீன்கள் எல்லாம் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. சூரியன் ஏறுவதற்குள் முக்கால்வாசி மிதந்துவிட்டது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். யாரும் எதுவும் வைக்கவில்லை. கணக்குத்தான் உதைத்தது.

அந்தக் கணக்கு இதுதான். 10 அடி, 6 அடி, மூன்றரை அடி மூன்றையும் பெருக்கினால் 210 கன அடி. ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆகத் தொட்டியில் இருந்தது ஏறக்குறைய 6,000 லிட்டர். நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏழெட்டு மில்லி கிராம் பிராணவாயுவைத்தான் கரைத்து வைத்துக் கொள்ளும். அது மூன்றுக்குக் கீழே போனால் கெண்டை திணறத் தொடங்கும். எனவே மீன் எடுத்துக்கொள்ளக் கூடியது லிட்டருக்கு 4 மில்லி கிராம்தான். தொட்டி முழுவதற்கும் 24,000 மில்லி கிராம். தீனி தின்று வளரும் மீன், ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 300 மில்லி கிராம் எடுக்கும். சாகாமல் மிஞ்சிய 280 மீனும் சேர்ந்து ஏறக்குறைய 17 கிலோ. அவை மணிக்கு 5,000 மில்லி கிராமுக்கு மேல் இழுத்தால், இருப்பு ஐந்து மணி நேரத்துக்குக்கூடக் காணாது. காற்று பட்டு மேல்மட்டத்தில் கொஞ்சம் கரையும். ஆனால் அடியில் அழுகும் தீனியும், பச்சைப் பாசியும் இரவில் அதே அளவு தின்றுவிடும். பகலில் பிராணவாயுவைக் கொடுக்கும் பாசி, இரவில் நம் மீனோடு பங்குக்கு வருகிறது. வெயில் இல்லாத நாளில் கொடுப்பதும் குறைகிறது.

இதே தொட்டியில் முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லையே என்றால், அப்போது 300 குஞ்சும் சேர்ந்து ஒரு கிலோகூட இல்லை. தொட்டி மாறவில்லை, மீன்தான் மாறியது. நாற்றங்காலில் நெருக்கமாக நிற்கும் நாற்றைப் பார்த்து, அறுவடை வரை இப்படியே நிற்கட்டும் என்று எந்த நெல் விவசாயியும் விடுவதில்லை. மீனில் மட்டும் அந்தத் தவறைச் செய்கிறோம்.

கிலோவுக்கு 3,000 லிட்டர்

காற்றடிக்கும் கருவியும் தினசரித் தண்ணீர் மாற்றமும் இல்லாத சாதாரணக் குளத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கூட்டுக் கெண்டை வளர்ப்பில் நன்றாகப் பராமரித்த ஒரு ஹெக்டேர் குளம் ஆண்டுக்கு 5 டன் மீன் கொடுத்தால் அது நல்ல மகசூல். ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் அதில் இருப்பது ஒன்றரைக் கோடி லிட்டர் தண்ணீர். வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோ மீனுக்கு 3,000 லிட்டர். நம் ஊர்க் கணக்கில், ஐந்தடி ஆழமுள்ள ஒரு சென்ட் குளத்தில் சுமார் 61,000 லிட்டர் நிற்கும். அது தாங்குவது 20 கிலோ. ஒரு கிலோ எடையில் விற்க நினைத்தால் சென்டுக்கு 20 மீன். இழப்புக்கு ஐந்தாறு கூட்டி 25 குஞ்சு விடலாம். சென்டுக்கு 100 குஞ்சு விட்டால் 100 கிலோ கிடைக்காது. கால் கிலோவிலேயே நின்றுபோன மீன்கள் கிடைக்கும், அதுவும் மழைக்காலம் அவற்றை விட்டுவைத்தால்.

இந்தக் கணக்குப்படி மேலே சொன்ன 6,000 லிட்டர் தொட்டி தாங்குவது வெறும் 2 கிலோ. நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அதனால் சின்னத் தொட்டியே உதவாது என்று அர்த்தமில்லை. அதைக் குளமாக நினைக்காமல், தென்னைக்குத் தண்ணீர் பாயும் வழியில் உள்ள ஒரு நிறுத்தமாக நினைக்க வேண்டும். தினமும் பாதித் தண்ணீரை, அதாவது 3,000 லிட்டரை, அடியிலிருந்து திறந்து மரங்களுக்குப் பாய்ச்சுங்கள். நாற்பது ஐம்பது தென்னைக்கு அது போதும். கிணற்றுத் தண்ணீரைத் தூவாணமாக மேலிருந்து விழவிட்டு நிரப்புங்கள். ஒரு சிறிய காற்றுப் பம்பும் இரவு முழுவதும் ஓடினால் அதே தொட்டியில் 15 கிலோ வரை வைக்கலாம். 300 கிராம் எடையில் 50 சிலேபி என்று கணக்கு. மீன் கழிவு கலந்த தண்ணீர் தென்னைக்கு உரமும் ஆகும். ஆனால் பம்பு நின்றால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு இல்லாதவர்கள் 15 கிலோவுக்கு ஆசைப்பட வேண்டாம், பாதியோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

பிராணவாயு மட்டுமல்ல, கழிவும் ஒரு கணக்கு. 30 சதவீதம் புரதமுள்ள தீனி ஒரு கிலோ போட்டால், அதிலிருந்து அம்மோனியாவாக வெளியேறும் தழைச்சத்து 25 முதல் 30 கிராம். பெரிய குளத்தில் பாசியும் மண்ணும் அதை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டுத் தொட்டியில் அது மீனின் செவுளில்தான் போய் நிற்கும். தண்ணீர் காரத்தன்மை கூடியிருந்தால் இன்னும் கொடுமை. புதுத் தொட்டியில் சிமெண்டே காரத்தைக் கக்கும். ஆகவே தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை கழுவி இறைத்த பிறகே குஞ்சு விட வேண்டும்.

எந்த மீனுக்கு எந்த இடம்

கட்லா மேல்மட்டத்தில் மேய்வது, ரோகு நடுவில், மிர்கால் அடியில். மூன்றையும் சேர்த்து விடுவது இடத்தை முழுவதும் பயன்படுத்தத்தான். 1957 ஜூலை 10-ந் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி ஊசி மூலம் இந்தக் கெண்டைகளை முட்டையிடச் செய்த பிறகுதான் நமக்குக் குஞ்சு எளிதாகக் கிடைக்கத் தொடங்கியது. அந்த நாளைத்தான் இன்றும் மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். புவனேசுவரம் ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்தெடுத்து வளர்த்த ஜெயந்தி ரோகு இன்னும் வேகமாக வளரும். வேகமாக வளரும் இனம் என்றால் வேகமாக இடம் கேட்கும் இனம் என்றும் பொருள். கட்லா அகன்ற தண்ணீர் கேட்கும் மீன். 10 சென்டுக்குக் குறைந்த குளத்தில் கட்லாவை நம்பி இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. புல் கெண்டை நான்கைந்து விட்டால் விளையில் கிடக்கும் புல்லும் நறுக்கிய வாழையிலையும் மீனாகிவிடும்.

சின்ன இடத்துக்கு ஏற்றது ஆண் மீன்களாகவே தேர்ந்து வரும் கிப்ட் சிலேபி. ஆறு மாதத்தில் அரைக் கிலோ நெருங்கும். கடற்கரைக் கிணறுகளில் சற்று உப்பேறிய தண்ணீரையும் தாங்கும். மீன்வளத்துறையின் அனுமதி பெற்றுத்தான் இதை வளர்க்க வேண்டும். விராலுக்குச் செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. பிராணவாயுக் குறைவில் உடனே சாகாது. ஆனால் ஒன்றையொன்று தின்னும், மழை இரவில் தாவி வெளியே போகும். எனவே ஒரே அளவுக் குஞ்சும், தொட்டிக்கு மேல் வலையும் தேவை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அது தடை செய்யப்பட்ட மீன்.

பிள்ளைகளுக்காக வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் "சுறா" என்று விரலளவில் விற்கும் வெள்ளி நிற மீன் சுறா அல்ல. ஆந்திரத்தில் ஏக்கர் கணக்கில் வளர்க்கும் பங்காசியஸ் கெளுத்திதான் அது. ஓர் ஆண்டில் ஒரு கிலோவைத் தாண்டும். முழு வளர்ச்சியில் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் 127 லிட்டர்தான் பிடிக்கும். தொட்டியின் அகலம் வளர்ந்த மீனின் நீளத்தைப் போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் மீன் திரும்ப முடியும். தொட்டிக்குத் தக்கபடி மீன் தானே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்று சொல்வது சரியல்ல. அழுக்குத் தண்ணீரில் நோய்ப்பட்டுக் குன்றுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நல்ல தண்ணீரில் தீனி மட்டும் குறைத்து நெருக்கமாக வைத்த கெண்டைக் குஞ்சுகள் வேறு கதை. அவற்றைப் பெரிய குளத்தில் விட்டதும் விட்டதைப் பிடித்து வளரும். ஆந்திர விவசாயிகள் ஓராண்டு அப்படி வைத்த குஞ்சுகளையே தேடி வாங்குவது இதனால்தான்.

இடம் போதாமல் போன மீனை வள்ளியாற்றிலோ ஊர்க் குளத்திலோ கொண்டுபோய் விடுவது பெரிய தவறு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் தென் அமெரிக்காவின் அரபைமா மீன் வலையில் அகப்பட்டது. யாரோ வளர்த்தது வெள்ளத்தில் தப்பியதுதான். நம் மாவட்டமும் 2021 நவம்பரில் வெள்ளத்தைப் பார்த்தது. கரை மட்டத்துக்கு மேல் ஓரடியாவது வரப்பும், வெளிமடையில் வலையும் இல்லாத குளம் நம்முடையது அல்ல, ஆற்றினுடையது.

குளச்சல் மண்ணில் குளம்

கடலோரம் மணல். வெட்டினால் தண்ணீர் நிற்காது, நின்றால் உப்பாகும். 500 மைக்ரான் கனமுள்ள தாள் விரித்தால் நிற்கும். செலவைச் சேர்த்துப் பார்த்துக் கொள்ளுங்கள். உள்ளே தள்ளிச் செம்மண் பகுதியில் களி அடியில் இருந்தால் வேலை சுலபம். ஐந்து முதல் ஆறு அடி ஆழம் போதும். மூன்றடிக்குக் குறைந்தால் பகல் சூடும் கொக்கும் மீனை எடுக்கும். இருபதடிக் கிணற்றில் விட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கிணறு ஆழம், ஆனால் வாய் குறுகல். காற்றுப் படும் பரப்பு இல்லாத தண்ணீர் ஆழத்தால் மட்டும் மீனைக் காப்பாற்றாது.

கதம்பல் அழுகப் போட்ட பழைய குழிகளைச் சுத்தம் செய்து மீன் விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அழுகும் கதம்பல் தண்ணீரிலுள்ள பிராணவாயுவை முழுவதும் உறிஞ்சி, முட்டை நாற்றமுள்ள வாயுவைக் கிளப்பும். அடிச் சேற்றை முழுவதும் வாரி, காயவைத்து, சுண்ணாம்பு இட்ட பிறகே யோசிக்கலாம். பக்கத்துக் குழியில் இன்னும் கதம்பல் ஊறுகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

10 சென்ட் குளம் வெட்டுபவர்கள், ஒரு சென்டை நாற்றங்காலாகப் பிரித்துக் கொள்வது நல்லது. குஞ்சை அங்கே ஐம்பது, நூறு கிராம் வரை வளர்த்து, எண்ணிப் பெரிய குளத்துக்கு மாற்றினால் எத்தனை மீன் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும். மாதம் ஒருமுறை வலை வீசி இருபது மீனை நிறுத்துப் பாருங்கள். சராசரி எடையை எண்ணிக்கையால் பெருக்கினால் குளத்தின் மொத்தச் சுமை. அது சென்டுக்கு 20 கிலோவை நெருங்கும்போது பெரியவற்றைப் பிடித்து விற்றுவிட வேண்டும். தடைக்காலத்தின் நல்ல விலைக்காக எல்லாவற்றையும் ஜூலைக் கடைசி வரை வைத்திருக்கத் தோன்றும். ஆனால் மீன் மிகக் கனமாக இருக்கும் அதே வாரங்களில்தான் நமக்குத் தென்மேற்குப் பருவ மூடாப்பும் வருகிறது. ஜூன் முதல் வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

விடியற்காலையில் மீன் வாய் பிளந்தால் அன்று தீனி போடாதீர்கள். மோட்டாரைப் போட்டு, குழாய் வாயில் விரலை வைத்து அடித்தாற்போல் தண்ணீரைச் சிதறவிடுங்கள். குளத்தில் இறங்கிச் சேற்றைக் கலக்க வேண்டாம்.

குளம், தொட்டிக்கு மானியம் உண்டா என்று கேட்பவர்கள், 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் வகுத்திருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, இப்போது எந்தத் திட்டம் நடப்பில் உள்ளது என்று மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். போகும்போது இடத்தின் நீள அகலம், மண் வகை, கிணற்றில் கோடையில் நிற்கும் தண்ணீர், மின் இணைப்பு ஆகிய விவரங்களைக் குறித்துக்கொண்டு போனால், எத்தனை குஞ்சு விடலாம் என்பதை அங்கேயே கணக்கிட்டுக் கேட்டு வரலாம்.