மூளைக்குள் ஏற முண்டியடிக்கும் அமினோ அமிலங்கள்

ஜவ்வாது மலையில் ஒரு மதியச் சாப்பாடு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கூடவே கொஞ்சம் கீரை. இலையில் இருப்பது அவ்வளவுதான். சாப்பிட்ட சில மணி நேரத்தில் சாமையின் புரதமும் மொச்சையின் புரதமும் குடலில் உடைந்து, அமினோ அமிலங்களாக ரத்தத்தில் கலக்கின்றன. பெரும்பகுதி தசைக்கும் ஈரலுக்கும் போகும். மிகச் சிறிய பங்கு மூளைக்குள் நுழைந்து, நம் தூக்கம், கோபம், கவனம், உற்சாகம் எல்லாவற்றிலும் கை வைக்கிறது.

எப்படி நுழைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏறவும் இறங்கவும் ஒரே படி

மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் மிக நெருக்கமானது. ரத்தத்தில் ஓடும் எல்லாவற்றையும் அது உள்ளே விடாது. அமினோ அமிலங்களை உள்ளே கொண்டுபோக அந்தச் சுவரில் கடத்திப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றுள் முக்கியமானது ‘லாட்-1’. ஜப்பானைச் சேர்ந்த கனாய் குழுவினர் 1998-இல் அதை அடையாளம் கண்டார்கள்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பேருந்து சந்தை நாளில் நிறைந்து வரும். ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும். லாட்-1 வேலை செய்வதும் அப்படித்தான். உள்ளிருந்து ஒரு அமினோ அமிலம் வெளியேறினால், வெளியிலிருந்து ஒன்று உள்ளே போகும். டிரிப்டோபேன், டைரோசின், பினைல்அலனின், லியூசின், ஐசோலியூசின், வாலின் என்று பலருக்கும் இதே படிதான். சாதாரண நாளிலேயே இடம் ஏறக்குறைய நிறைந்திருப்பதால், கூட்டத்தில் யார் அதிகமோ அவர்களே அதிகம் ஏறுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் எப்போதும் எண்ணிக்கை குறைந்த பயணி டிரிப்டோபேன். செரடோனின் என்ற மனநிலை வேதிப்பொருள் அதிலிருந்துதான் தயாராகிறது. டைரோசினிலிருந்து டோபமின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருள் வருகிறது.

‘மகிழ்ச்சி உணவு’ என்ற கதை

1971-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் வுர்ட்மனும் எலிகளுக்கு மாவுச்சத்து மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையில் செரடோனின் கூடியது. மாவுச்சத்து இன்சுலினைக் கூட்டுகிறது. இன்சுலின் லியூசினையும் வாலினையும் தசைக்குள் தள்ளிவிடுகிறது. ரத்தத்தில் போட்டி குறைவதால் டிரிப்டோபேனுக்கு இடம் கிடைக்கிறது. பத்திரிகைகளில் வரும் ‘வாழைப்பழம் சாப்பிட்டால் சந்தோஷம்’ வகைக் குறிப்புகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

அவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. சோற்றோடு சிறிதளவு புரதம் சேர்ந்தாலே அந்த விளைவு கரைந்துபோகிறது. சாமைச் சோற்றோடு மொச்சையோ கொள்ளோ சேர்க்கும் மலைக்குடும்பத்தில் டிரிப்டோபேன் கணக்குக்கு வேலையே இல்லை. ஆனால் வேறொரு நன்மை இருக்கிறது. தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசினைப் பயறு ஈடுகட்டுகிறது. (லைசின் மூளைக்குள் போவது வேறொரு கடத்தி வழியாக, அது இந்தக் கூட்டத்தில் சேராது.) மனச்சோர்வுக்கு மருத்துவர் சிகிச்சை தரும்போது, அதை நிறுத்திவிட்டோ அதோடு சேர்த்தோ டிரிப்டோபேன் மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம். சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் செரடோனின் அளவு மீறி ஆபத்தாகலாம்.

பூனைக்காலி வித்தும் சேப்பாக்கமும்

தமிழக மலைக்காடுகளில் படர்ந்து வளரும் பூனைக்காலியைத் தெரியாதவர் குறைவு. காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அதன் வித்தைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துவிட்டு உண்ணும் பழங்குடிகள் உண்டு. சித்த மருத்துவத்திலும் அதற்கு இடம் இருக்கிறது.

1937-இல் சென்னை சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் இந்த வித்திலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் ஒரு அமினோ அமிலம்தான். முப்பது ஆண்டு கழித்து, 1967-இல், அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் அதே பொருள் கலந்த மருந்தைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்து, விறைத்துப்போனவர்களை நடமாட வைத்தார். பார்க்கின்சனில் குறைவது டோபமின். ஆனால் டோபமினை வாய்வழி கொடுத்தால் அது மூளைச் சுவரைத் தாண்டாது. லெவோடோபா லாட்-1 வழியாக உள்ளே போய், அங்கே டோபமினாக மாறுகிறது.

வீட்டில் லெவோடோபா மாத்திரை எடுக்கும் பெரியவர் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆட்டுக்கறியோ, முட்டையோ, நிறையப் பருப்போ சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால், கறியின் அமினோ அமிலங்கள் முந்திக்கொள்ளும். அன்று மதியம் கால் இழுக்கும், பேச்சு தடுமாறும், எரிச்சலும் வரும். நோய் முற்றிவிட்டதென்று வீட்டார் பயந்துபோவார்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிட வேண்டாம், உடம்பு மெலிந்துவிடும்.

மாத்திரைக்குப் பதில் பூனைக்காலிப் பொடி என்று தாமாக இறங்குவதும் சரியல்ல. 1989-இல் மொசாம்பிக்கில் பஞ்சத்தின்போது இந்த வித்தைச் சரியாக வடிக்காமல் உண்ட பலருக்கு மாயத்தோற்றமும் குழப்பமும் சந்தேக எண்ணங்களும் வந்தன. டோபமின் மிகுந்தாலும் நடத்தை கெடும்.

ஒன்றே படியை அடைத்துக்கொண்டால்

நார்வேயில் போர்க்னி ஏகலான் என்ற தாய்க்கு இரண்டு குழந்தைகள். இருவருக்கும் அறிவு வளர்ச்சி நின்றுபோயிருந்தது. சிறுநீரில் ஒரு பூஞ்சை வாடை இருப்பதை அவர் மருத்துவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். 1934-இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தச் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டார். அது பச்சையாக மாறியது. பினைல்அலனினை உடலால் மாற்ற முடியாத பிறவிக் கோளாறு, ‘பினைல்கீட்டோனூரியா’, அப்படித்தான் வெளியே வந்தது. பினைல்அலனின் ரத்தத்தில் குவிந்து லாட்-1-ஐ அடைத்துக்கொள்ளும்போது, டைரோசினும் டிரிப்டோபேனும் வெளியே நிற்கின்றன. வளரும் மூளை பலவகையில் சேதமடைகிறது. சிகிச்சையில் இருந்த நோயாளிகூட வளர்ந்தபின் உணவுக் கட்டுப்பாட்டை விட்டால் கவனக்குறைவு, பதற்றம், எரிச்சல் என்று பாதிக்கப்படுகிறார்.

லியூசின் குவியும் ‘மேப்பிள் சிரப் நோய்’ இன்னும் அவசரமானது. பிறந்த முதல் வாரத்திலேயே குழந்தை பால் குடிக்காமல் துவளும், சிறுநீரில் எரிந்த சர்க்கரை வாடை வரும்.

கடத்தியே பழுதானாலும் நடத்தை மாறும். ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2016-இல் மூளை ரத்தக் குழாய்ச் சுவரில் லாட்-1 இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவை மற்ற எலிகளோடு பழகுவதும் நடமாடுவதும் மாறிப்போயின. மூளையில் குறைந்துபோயிருந்த அமினோ அமிலங்களை நேராக உள்ளே செலுத்தியபோது ஓரளவு தேறின. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதான பிரதியைப் பெற்ற சில குழந்தைகளுக்கு ஆட்டிசமும் உடல் அசைவுத் தாமதமும் இருப்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. மாமன் மகள், அத்தை மகன் திருமணம் இன்னும் வழக்கில் உள்ள நம் ஊரில், ஒரே பழுது இருபக்கமும் சேரும் வாய்ப்பு கூடுதல். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

குதிகாலில் ஒரு சொட்டு

பினைல்கீட்டோனூரியா ஐரோப்பாவைவிட நம்மிடம் அரிது. ஆனால் இவ்வகைக் கோளாறுகள் பல சேர்ந்தால் அரிது என்று ஒதுக்க முடியாது. பிறந்து 24 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் ஊசி குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். நம் நாட்டில் எல்லாப் பிரசவத்திலும் இது தானாக நடப்பதில்லை, கேட்டுப் பெற வேண்டும். உறவில் திருமணம் செய்தவர்கள், முன்பு ஒரு குழந்தையைக் காரணம் தெரியாமல் இழந்தவர்கள் அவசியம் கேளுங்கள்.

பெரிய குழந்தை திடீரென்று மந்தமானால், வலிப்பு வந்தால், பேச்சு பின்வாங்கினால், மந்திரிக்கப் போகும் நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போங்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் தேசிய சிறார் நலத் திட்டக் குழுவிடம் சொன்னால், மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

குதிகால் ரத்தப் பரிசோதனைக்குத் தடையாக மலையைச் சொல்ல வேண்டியதில்லை. ரத்தச் சொட்டை வாங்கும் வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டம் நிறைய ரத்தம் ஊறி, பின்பக்கமும் தெரிய வேண்டும். வெயில் படாமல் சில மணி நேரம் காய வேண்டும். காய்ந்த அட்டை உறையில் போட்டு ஆய்வகத்துக்குத் தபாலில் போகும், ஐஸ் பெட்டி தேவையில்லை.