வயல் முதலில், வீடு அடுத்து, விருந்தினர் கடைசியில்: பண்ணைத் தங்கல் பற்றி ஒரு விளக்கம்

‘நீடித்த சுற்றுலா’ என்ற தலைப்பில் படிவம் 5 மாணவர்கள் எழுதிய விளக்கக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பலர் பண்ணைத் தங்கலை எடுத்துக்காட்டாகக் காட்டியிருந்தார்கள். கூரையில் சூரியத் தகடு, நெகிழிப் புட்டி கிடையாது, துண்டைத் தினமும் துவைப்பதில்லை. ஆகவே இது பசுமைப் பண்ணைத் தங்கல் என்று முடித்திருந்தார்கள். தவறு என்று கோடு போட முடியவில்லை. சரி என்று முழு மதிப்பெண் கொடுக்கவும் மனம் வரவில்லை. ஏன் தெரியுமா? அவர்கள் விவரித்தது ஒரு ஹோட்டலை. பண்ணையைக் காணோம்!

மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாதுங்க. ‘ஹோம்ஸ்டே’ என்றால் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சமைப்பதைச் சாப்பிட்டு, அவர்கள் வாழ்க்கையைப் பார்ப்பது. ஆனால் இன்று நம் ஊரில் வாடகைக்கு விடும் எந்த வீட்டு வாசலிலும் அந்தப் பலகை தொங்குகிறது. சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, வீட்டுக்காரர் முகத்தைக்கூடக் காட்டுவதில்லை. சொல் இருக்கிறது, பொருள் நழுவிவிட்டது. பண்ணைத் தங்கலுக்கும் இதே கதி வரலாம். வரவிடாமல் சட்டத்தால் கட்டிப்போட்ட ஒரு நாடு உண்டு. அது இத்தாலி.

அங்கே இதற்கு ‘அக்ரிதுரிஸ்மோ’ என்று பெயர். 1985ஆம் ஆண்டின் 730ஆம் இலக்கச் சட்டம் இதற்கு முதன்முதலில் நாடு தழுவிய வரையறை கொடுத்தது. 2006ஆம் ஆண்டின் 96ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றி எழுதியது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: விருந்தினரை ஏற்பவர் விவசாயியாக இருக்க வேண்டும், விவசாயமே முதன்மைத் தொழிலாக நீடிக்க வேண்டும். வயலில் செலவாகும் உழைப்பு நேரம் எவ்வளவு, விருந்தினருக்குச் செலவாகும் நேரம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். விருந்தினர் பத்துப் பேருக்கு மேல் இல்லையென்றால் அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை, விவசாயமே முதன்மை என்று எடுத்துக்கொள்வார்கள். பண்ணையில் ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களைத்தான் பயன்படுத்த வேண்டும். உணவிலும் சொந்த விளைச்சலுக்கும் அந்த வட்டாரப் பொருள்களுக்கும் இடம் தர வேண்டும். இதையெல்லாம் செய்யாதவர் அந்தப் பெயரைப் பலகையில் எழுதவே கூடாது. இன்று இத்தாலியில் 25,000க்கும் மேற்பட்ட அக்ரிதுரிஸ்மோக்கள் இருக்கின்றன.

‘ஏற்கெனவே இருக்கும் கட்டடம்’ என்றேனே, அதில்தான் கதையே இருக்கிறது. பழைய பண்ணை வீடுகள் ஏன் அவ்வளவு காலியாகக் கிடந்தன?

மத்திய இத்தாலியின் தஸ்கனி மாநிலத்துக்குப் போவோம். அங்கே பல நூற்றாண்டுகளாக நிலம் வாரத்துக்கு விடப்பட்டது. நிலமும் வீடும் நிலக்கிழாருடையவை, உழைப்பு வாரக் குடும்பத்துடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. இந்த முறைக்கு ‘மெட்சாத்ரியா’ என்று பெயர். பாதிக்குப் பாதி என்று கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் எந்தக் குடும்பம் எந்தப் பண்ணையில் இருக்கலாம் என்பதை முடிவு செய்தவர் நிலக்கிழார். குடும்பத்தில் ஒரு திருமணம் நடக்கவே அவருடைய ஒப்புதல் வேண்டும் என்ற ஒப்பந்தங்களும் இருந்தன.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஸ்கனியை ஆண்டவர் பியேத்ரோ லியோபோல்தோ. சதுப்பாகக் கிடந்த கியானா பள்ளத்தாக்கில் நீரை வடித்து நிலம் மீட்கும் பணி அவர் காலத்தில் வேகம் பெற்றது. விவசாயிகளுக்கு நல்ல வீடு எப்படிக் கட்டுவது என்பதும் அன்று பேசுபொருளாக இருந்தது. பெர்தினாந்தோ மொரோட்சி என்பவர் 1770இல் அதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் பள்ளத்தாக்கில் எழுந்த பண்ணை வீடுகளை இன்றும் அரசர் பெயராலேயே ‘லியோபோல்தினா’ என்கிறார்கள்.

அந்த வீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கீழ்த்தளத்தில் செங்கல் வளைவுக் கூரையோடு மாட்டுத் தொழுவம். அங்கே கட்டியிருந்தவை கியானினா என்ற உயரமான வெள்ளை மாடுகள். குடும்பம் மேல்தளத்தில். குளிர்காலத்தில் மாடுகளின் உடல் சூடு மேலே ஏறி வீட்டுக்கும் உதவியது. கல்லும் செங்கல்லும் சேர்ந்த சுவர் அரை மீட்டர் தடிமன், அதனால் கோடையில் உள்ளே குளிர்ச்சி. கூரைக்கு மேலே புறா மாடம். வைக்கோல் கொட்டகையில் சன்னலுக்குப் பதிலாகச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர், வைக்கோல் புழுங்காமல் காற்று ஓடுவதற்காக. இவற்றில் எதுவுமே அலங்காரத்துக்குக் கட்டியது இல்லை.

1950களிலும் 60களிலும் இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். பிராத்தோவின் துணி ஆலைகளும் பொன்தெதெராவின் வெஸ்பா தொழிற்சாலையும் மாதச் சம்பளம் கொடுத்தன. பண்ணை வீடுகள் பலவற்றில் குழாய்த் தண்ணீரும் இல்லை, குளியலறையும் இல்லை. 1964ஆம் ஆண்டின் 756ஆம் இலக்கச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. மறு ஆண்டில், அதாவது 1965இல், ‘அக்ரிதுரிஸ்ட்’ என்ற தேசியச் சங்கம் உருவானது. பூட்டிய வீட்டைத் திறந்து விருந்தினரை வைத்தால், அந்த வருமானத்தில் நிலத்தையும் காப்பாற்றலாம் என்பது அதன் எண்ணம்.

சரி, இடிந்த வீட்டை எப்படி மீட்கிறார்கள்? நல்ல மீட்புக்கும் மோசமான மீட்புக்கும் உள்ள வேறுபாடு பல நேரங்களில் ஒரு மூட்டை சிமெண்டில் இருக்கிறது. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அந்தச் சாந்தின் நுண்துளைகள் வழியாக வெளியேறிவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், உப்பு பூக்கும், செங்கல்லின் முகமே உதிரும். (நம் பள்ளிச் சுவர்களில் சாயம் கொப்பளித்து உரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.) அதனால் விவரம் தெரிந்த கொத்தனார் சுண்ணாம்புக்கே திரும்புகிறார். இறுகும்போது சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் என்பது கூடுதல் நன்மை. கூரை ஓடுகளை எண்ணி இறக்கி, உடையாதவற்றைத் துடைத்து மீண்டும் அடுக்குகிறார்கள். ஓட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்பு வைக்கிறார்கள். செஸ்ட்நட் மர விட்டத்தில் செல்லரித்த முனையை மட்டும் வெட்டிப் புது மரம் பொருத்துகிறார்கள். சல்லடைச் சுவரை உடைக்காமல் அதற்குப் பின்னால் கண்ணாடி வைக்கிறார்கள். வெளிச்சம் துளித்துளியாக உள்ளே விழும்.

நிலைத்தன்மை என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் இதுதான்: நின்றுகொண்டிருக்கும் சுவரை இன்னொரு முறை சூளையில் சுட வேண்டியதில்லை. மாணவர்கள் எழுதிய சூரியத் தகடும் இங்கே உண்டு, இல்லாமல் இல்லை. ஒலிவ மரங்களைக் கவாத்து செய்த கிளைகள் கொதிகலனுக்கு எரிபொருளாகலாம், கழிவுநீர் நாணல் பாத்தி வழியாகச் சுத்தமாகலாம், கூரை மழை நிலத்தடித் தொட்டியில் சேரலாம். ஆனால் இந்தக் கிளையும் தொட்டியும் பாத்தியும் பண்ணையின் வேலைக்குள் பொருந்துகிறவை. ஹோட்டலின் சூரியத் தகட்டுக்கும் இதற்கும் அங்கேதான் வேறுபாடு.

எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். கியானா பள்ளத்தாக்கில் கூரை சரிந்த லியோபோல்தினாக்கள் இன்னும் நிற்கின்றன. பல பண்ணை வீடுகள் கோடையில் மட்டும் திறக்கும் சொகுசு மாளிகைகளாகிவிட்டன. சுற்றிலும் நிலம் காய, நடுவில் நீலமாக ஒரு நீச்சல் குளம். இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. என் பாட்டி ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அந்த லயத்தை யாராவது அழகாகப் புதுப்பித்து, ஓர் இரவுக்கு இத்தனை ரிங்கிட் என்று விட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார்? “ஏய்யா, ஒழுகுற வீட்டுக்குக் காசா?” என்று சிரித்திருப்பார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருப்பார். வாரக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இப்படி நினைக்கக்கூடும். சியேனாவுக்குத் தெற்கே புவோன்கொன்வென்தோ என்ற சிற்றூரில் மெட்சாத்ரியா வாழ்க்கைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அழகான தொழுவத்தில் அமர்ந்து உணவருந்துபவர், அங்கே மாடு கட்டியவரின் பாதிப் பங்கையும் தெரிந்துகொள்வது நல்லதுதானே.

தேர்வு எழுதும் தம்பி தங்கைகளுக்கு: ‘சுற்றுச்சூழலைப் பாதுகாக்கிறது’ என்ற வாக்கியத்தை எழுதியவுடன் ‘எப்படி?’ என்று உங்களையே கேளுங்கள். சுண்ணாம்புச் சாந்து, பழைய ஓடு, ஒலிவக் கிளை என்று ஒரு பொருளின் பெயர் வந்தால்தான் அந்தக் கருத்துக்கு விளக்கம் கிடைத்ததாகப் பொருள். ‘மெட்சாத்ரியா’ என்ற சொல் மறந்துபோனால் பரவாயில்லை, ‘பாதி வாரம்’ என்று எழுதினாலே போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறை நடவடிக்கை. இணையத்திலுள்ள ஏதாவது ஒரு பண்ணைத் தங்கல் விளம்பரத்தை அச்செடுத்துக் குழுக்களுக்குக் கொடுங்கள். இங்கே என்ன விளைகிறது, வீடு முன்பு யாருடையது, ஓராண்டு விருந்தினரே வராவிட்டால் பண்ணை ஓடுமா என்று மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். என் வகுப்பில் மூன்றாம் கேள்விக்கே பாடவேளை முடிந்துவிட்டது. இரண்டாம் கேள்விக்கு விடை தேடி இரு மாணவர்கள் தங்கள் தாத்தாவிடம் தோட்டத்து வீட்டைப் பற்றிக் கேட்டு வந்தார்கள். அதை அடுத்த கட்டுரைக்கு வைத்துக்கொண்டோம்.