ரயில்களைக் கூட்டணுமா, பெருக்கணுமா? திருவள்ளூர் - கும்மிடிப்பூண்டி கத்துக்கொடுக்கும் கணக்கு!

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரை, இரு முனைகளையும் சேர்த்து 21 புறநகர் ரயில் நிலையங்கள். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை 17. இரண்டு தடங்களிலும் சேர்த்து மொத்தம் எத்தனை நிலையங்கள்?

'38' என்று சட்டெனச் சொன்னால் தவறு. சென்ட்ரலும் பேசின் பிரிட்ஜும் இரண்டு தடங்களுக்கும் பொது. அவற்றை இரண்டு முறை எண்ணிவிட்டோம். 2-ஐக் கழித்தால் 36. அதுதான் சரியான விடை.

ப்ளஸ் ஒன் கணிதத்தில் 'சேர்ப்பியல்' பாடத்தைப் பார்த்து மிரளும் மாணவர்களும், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்.

'அல்லது' வந்தால் கூட்டல்

பொன்னேரியில் வசிக்கும் ஒருவருக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. காலை ஷிஃப்ட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர 3 ரயில்கள், 4 பேருந்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரயில் அல்லது பேருந்து, ஏதாவது ஒன்றில்தான் போவார். எனவே 3 + 4 = 7 வழிகள்.

'பிறகு' வந்தால் பெருக்கல்

திருவள்ளூரில் வசிப்பவர் பேசின் பிரிட்ஜில் ரயில் மாறிப் போகிறார். அங்கு வர 3 ரயில்கள், பிறகு கும்மிடிப்பூண்டிக்கு 4 ரயில்கள் என்றால், 3 × 4 = 12 வழிகள். ஆனால், முதல் மூன்றில் எதில் வந்தாலும் அடுத்த நான்கையும் பிடிக்க நேரம் இருக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் எண்ணிக்கை குறையும்.

இரண்டு பட்டியலிலும் ஒரே ஆள்!

ஒரு தொழிற்சாலையில் ரயிலில் வருபவர்கள் 60 பேர், கம்பெனி பஸ்ஸில் வருபவர்கள் 50 பேர். இந்த இரண்டிலும் சேராதவர் யாருமில்லை. கேன்டீனில் 110 சாப்பாடு தயாரிக்கலாமா? ரயிலில் வந்து இறங்கி, அங்கிருந்து கம்பெனி பஸ் ஏறுபவர்கள் 15 பேர் என்றால், அவர்கள் பெயர் இரண்டு பட்டியலிலும் இருக்கும். 60 + 50 - 15 = 95. இதைக் கவனிக்காவிட்டால் 15 சாப்பாடு வீண்.

தவறு மறுபக்கமும் நடக்கலாம். ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரை ஒருவர் என நினைத்துக் கழித்துவிட்டால், உழைத்துக் களைத்த ஒருவருக்குச் சாப்பாடு இருக்காது.

தேர்வுத்தாளோ, நிவாரணப் பட்டியலோ, கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இங்கே இருப்பவர் அங்கேயும் இருக்கிறாரா?'