நாற்காலி காட்டிக்கொடுக்கும் முகம்

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியிலும் குடை பிடிப்பான் என்பது நம்மவர் பழமொழி. வாழ்வு வந்ததும் மனிதன் மாறிவிடுகிறான் என்றே இதற்கு நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் பழமொழியோ முதற்சொல்லிலேயே அவனை அற்பன் என்றுவிடுகிறது. குடை பிடிக்கும் ஆசை முன்னரே அவனுக்குள் இருந்தது, வாய்ப்புத்தான் இருக்கவில்லை.

மணிவண்ணன் நெறியாள்கை செய்து 1994ஆம் ஆண்டு வெளிவந்த 'அமைதிப்படை' திரைப்படம் வாசகர்கள் பலர் அறிந்ததே. (பெயரைக் கேட்டதும் 1987இல் நம் மண்ணில் வந்திறங்கிய படையே நமக்கு நினைவில் எழும், படத்தின் கதை அதுவன்று.) கோயிலிற் சிதறும் தேங்காய்த் துண்டுகளைப் பொறுக்கித் திரியும் அமாவாசை என்பவனை, தன் சொற்படி நடப்பான் என நம்பி ஓர் அரசியல்வாதி தேர்தலில் நிறுத்துகிறார். வாக்கு எண்ணிக்கை முன்னேற முன்னேற, ஒடுங்கி அமர்ந்திருந்த அமாவாசையின் தோரணை சிறிது சிறிதாக மாறுகிறது. சத்யராஜ் அக்காட்சியில் பேசியவற்றை மறந்தோரும் அவர் அமர்ந்த விதத்தை மறக்கமாட்டார்கள். அமாவாசை, நாகராஜ சோழன் ஆகிறான். அவனது முன்னைய பணிவே நடிப்பு என்பது அப்போதுதான் நமக்கு விளங்குகிறது.

இதற்குச் சட்டமன்றம் வரை செல்ல வேண்டியதில்லை. அகதி முகாமில் ஒரே அடுப்பிற் சமைத்துண்ட இருவரை நான் அறிவேன். நேற்றுவரை மற்றவரை 'அண்ணை' என்றழைத்தவர், சங்கமொன்றின் தலைவராகத் தெரிவானதும் 'நீர்' என்று விளித்தார். அண்ணை அதன் பின்னர் கூட்டங்களுக்கு வரவில்லை.

அமாவாசை போன்றோரைத் தொடக்கத்திலேயே ஐயுற முடியும். ஆனால் அன்பும் கருணையும் உடையவர் எனப் பலரும் போற்றும் ஒருவரிடம் இவ்வாசை ஒளிந்திருப்பின் அதை எவ்வாறு கண்டுகொள்வது? இவ்வினாவை மேடையேற்றியவர் இந்நாட்டவரே. பேர்ண் மாநிலத்தில் 1921இல் ஒரு போதகரின் மகனாகப் பிறந்த பிறீட்றிக் டூரன்மாற் எழுதிய 'பௌதிகவியலாளர்கள்' என்னும் நாடகம், 1962 பெப்ரவரி 21ஆம் நாள் சூரிச் நாடக அரங்கில் முதன்முறையாக அரங்கேறியது. இன்று நம் பிள்ளைகள் சிலர் உயர்பள்ளியில் இதனைப் பாடநூலாகக் கற்கின்றனர்.

மனநோய் விடுதி ஒன்றில் மூன்று பௌதிகவியலாளர் உள்ளனர். மோபியஸ் என்பவர் உண்மையில் நோயாளியல்லர். தமது கண்டுபிடிப்புகள் அதிகாரத்திலுள்ளோர் கையிற் சிக்கினால் உலகு அழியும் என அஞ்சி, மனைவி மக்களையும் துறந்து அங்கே தஞ்சம் புகுந்தவர். நியூட்டன் எனவும் ஐன்ஸ்டைன் எனவும் தம்மைக் கூறிக்கொள்ளும் மற்றிருவரும் அவரைக் கவர்ந்து செல்ல வந்த இரு வல்லரசுகளின் உளவாளிகள். மோபியஸ் தம் ஏடுகள் யாவற்றையும் எரித்துவிடுகிறார். அதிகாரத்தை வெறுத்த இவரும் மாசற்றவரல்லர். தம்மை நேசித்து வெளியே அழைத்துச்செல்ல விரும்பிய தாதியைத் தம் இரகசியம் காப்பதற்காகக் கொன்றவர்.

விடுதியின் தலைவி, முதிய வைத்தியர் மத்தில்டா. நோயாளரைப் பரிவோடு பேணுபவராகவே நாம் அவரைக் காண்கிறோம். இறுதியிலோ, ஏடுகள் எரியுமுன்பே அவர் அனைத்தையும் பிரதி செய்துகொண்டமையும், அவற்றைக் கொண்டு பெருந்தொழில்களை நிறுவி உலகாளப் புறப்பட்டமையும் வெளிப்படுகின்றன. தாதியரை அம்மூவர்பால் ஏவிக் கொலைக்கு வழிசெய்தவரும் அவரே. கொலையாளிகள் சொல்வதை வெளியில் எவர் நம்புவர்? சொலமன் மன்னன் தனக்குக் கட்டளையிடுவதாகக் கூறும் அவ்வம்மையாரே அவ்விடுதியில் உண்மையாகச் சித்தம் கலங்கியவர். கூரையும் உணவும் தந்து காத்த கையே சிறைக்கதவைப் பூட்டுகிறது. தஞ்சம் கோரி வாழும் நம்மைப் போன்றோர்க்கு இக்காட்சி தரும் அச்சம், ஏனையோர்க்கு அத்துணை ஆழமாக எட்டுமோ என்பது ஐயமே.

முதல் அரங்கேற்றத்தில் மத்தில்டாவாக நடித்தவர் தெரேசா கீசெ. 1898இல் மியூனிக் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டைவிட்டு வெளியேறிச் சூரிச்சை அடைந்தார். நாற்சிகளிடமிருந்து தப்பிய கலைஞர் பலருக்கு அந்நாட்களில் இவ்வரங்கே புகலிடமாயிற்று. பேர்டோல்ட் பிறெக்ற் அகதியாக அலைந்த காலத்தில் எழுதிய 'துணிச்சல் தாய்' 1941இல் இங்கேதான் அரங்கேறியது. அதிலும் தாயாக நடித்தவர் கீசெயே. டூரன்மாற் தம் நாடகத்தை இவ்வம்மையாருக்கே காணிக்கையாக்கினார். அதிகார வெறியால் விரட்டப்பட்ட ஒருத்தி, அவ்வெறியின் முகத்தைத் தம் முகத்தில் அணிந்து மேடையில் நின்றார்.

அரங்கேறி எட்டு மாதங்களில், 1962 ஒக்ரோபரில், கியூபா நெருக்கடி எழுந்து உலகம் அணுப்போரின் விளிம்பிற்குச் சென்றது.

நாடகத்தின் முடிவில் வைத்தியர் வெற்றியோடு வெளியேறுகிறார். மூவரும் எஞ்சுகின்றனர். ஒருவர் பின் ஒருவராக நம்மை நோக்கி, தாம் நியூட்டன் எனவும், ஐன்ஸ்டைன் எனவும், சொலமன் எனவும் அறிமுகம் செய்துகொண்டு, தத்தம் அறைக்குத் திரும்பிச் செல்கின்றனர்.