நரம்பை வெட்டினால் கால் பிழைக்குமா?

திருச்சியில் இருந்து மதுரை போகும் சாலையில் இருக்கிறது விராலிமலை. அங்கே மலைமேல் இருக்கும் முருகனுக்குச் சுருட்டு படைக்கிறார்கள்! கருப்பமுத்துப் பிள்ளை என்ற பக்தர் மழையில் சிக்கி, குளிரில் நடுங்கி, ஒரு சுருட்டுக்கு ஏங்கினாராம். முருகனே ஆள் உருவில் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்தார் என்பது கதை.

சாமிக்குப் படைப்பது பக்தி. அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால், நாள் தவறாமல் சுருட்டும் பீடியும் பிடிக்கிற மனிதனின் கால் என்ன ஆகிறது?

கறுத்த விரல்

முதலில், நடந்தால் கால் வலிக்கும். நின்றால் வலி போய்விடும். "வாயு" என்று தைலம் தேய்ப்பார்கள். பிறகு கால் ஜில்லிடும். இரவில் தூக்கம் வராது. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால்தான் கொஞ்சம் சுகம். விரலில் சிறு புண் வரும், ஆறாது. விரல் கறுத்துவிடும். கடைசியில் காலையே எடுக்க நேரலாம்.

இதற்குப் "பர்கர் நோய்" என்று பெயர். 1908-ல் இதை விவரமாக எழுதியவர் நியூயார்க் டாக்டர் லியோ பர்கர். புகையிலையால் ரத்தக்குழாய் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் உள்ள ஆண்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. குடும்பமே நொண்டியாகிவிடும்!

உத்தரவு போடும் நரம்பு

முதுகெலும்பின் இரு பக்கமும், மணி கோத்த சரடு போல, ஒரு நரம்பு ஓடுகிறது. குளிரிலும் பயத்திலும் "சுருங்கு" என்று ரத்தக்குழாய்களுக்கு உத்தரவு போடுவது இதுதான்.

இடுப்புக்கு நேரே இந்தச் சரட்டில் இரண்டு, மூன்று மணிகளை டாக்டர் வெட்டி எடுக்கிறார். உத்தரவு நிற்கிறது. சிறு குழாய்கள் விரிகின்றன. ஜில்லிட்ட கால் சூடாகிறது. அந்தக் காலில் வியர்வையும் வராது! நடப்பதற்கான நரம்பு வேறு. ஆகவே, கால் விளங்காமல் போகுமோ என்ற பயம் வேண்டாம்.

அடைத்த பெரிய குழாயை இது திறக்காது. புண் ஆறவும் வலி குறையவும் உதவும். இப்போது வேறு மருந்துகளும் இருப்பதால் முன்போல் எல்லோருக்கும் இதைச் செய்வதில்லை.

சரட்டின் மேல்பகுதி இருதயத்துக்குப் போகிறது. பிறவியிலேயே துடிப்புக் கோளாறு உள்ள சில பிள்ளைகள், ஓடினாலோ திடுக்கிட்டாலோ மயங்கி விழுவார்கள். உயிரே போகலாம். மருந்துக்கு அடங்காவிட்டால், நெஞ்சின் இடப்பக்கம் இந்த நரம்பை வெட்டுகிறார்கள்.

மன்னரின் கால்

இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், பழைய ரூபாயில் தலை இருந்ததே, அவர்தான், ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். அவருக்கும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தது. 1949 மார்ச் 12-ல் அரண்மனையிலேயே டாக்டர் ஜேம்ஸ் லேர்மந்த் இந்த ஆபரேஷனைச் செய்தார். கால் பிழைத்தது. ஆனால், 1951-ல் புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை எடுத்தார்கள். 1952 பிப்ரவரி 6-ல் மன்னர் காலமானார். வயது 56.

பர்கர் நோயாளியிடம் டாக்டர் முதலில் கேட்பது பீடியைப் பற்றித்தான். நரம்பை வெட்டிய பிறகும் பீடியை விடாதவருக்கு அடைப்பு மேலும் மேலும் ஏறுகிறது. விரல் அழுகுமுன் அடியோடு விட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டு காலோடு வீட்டுக்கு நடந்து போகிறார்கள்.